அனுப்புநர்

வாக்குத்தத்தக் காலண்டரில்
டிசம்பர் ஒன்பதைக் கிழித்துப்
பின்பக்கம் எழுதுகிறேன்.
முன்பக்க வசனத்தின் மை
எண்களுக்கு அடியில் ஊறித் தெரிகிறது.

கையில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
தீபாவளிக்கு போனஸ் போட்ட எஸ்டேட்
கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு கேக் கூடப் போடாது.
அந்த போனஸும் அப்போதே
கேஸ் அடுப்புக்கும் கெர்சோமின் பல்லுக்கும் போயிற்று.
புதுத்துணி மட்டும் அதில் எடுத்து
அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாயிற்று.

கெர்சோமுக்கு ஃபுட்பால் ஷூ, அடியில் முள் வைத்தது.
கோத்தகிரி பஜாரில் எண்ணூற்று ஐம்பது.
மேட்டுப்பாளையத்தில் அறுநூறுதானாம்.
போக வர பஸ் காசு, ஒருநாள் கூலி
சேர்த்துப் பார்த்தால் பஜாரே மலிவு.
ஒரு நம்பர் பெரிதாக வாங்கி முனையில் பஞ்சு அடைக்கலாம்.
யாரையும் கேட்காமல் வளர்கிறது அவன் கால்.

ஜெப்சிக்கு
இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்கள், கூரையில் ஒட்ட.
நூற்று இருபது.
தகரத்தில் ஒட்டுமா என்று கேட்டேன்.
ஒட்டும், குளிரில் தகரம் வேர்த்தால்
ராத்திரியில் ஒவ்வொன்றாக விழும் என்றார் கடைக்காரர்.
விழுந்தால் அவளுக்கு இன்னும் பிடிக்கும்.

ஆனால் எண்ணூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில்
நூற்று இருபது எப்படி நிற்கும்?
ஒன்பது வயசுக்கு விலை தெரியாது,
பொட்டலம் எண்ணத் தெரியும்.
ஆகவே அவளுக்கு நான்கு பொட்டலம்:
நட்சத்திரம், வாசனை ரப்பர், கம்பளிக் காலுறை,
எப்படியும் மாற்றவேண்டிய டிபன் பாக்ஸ்.

பதினெட்டாம் தேதி எங்கள் லைனுக்குக் கேரல் ரவுண்டு.
காணிக்கை நூறு. முப்பது பேருக்குச் சுக்குக் காப்பி.
பாலில்லாமல் கொடுப்பதற்கு
இப்படி ஒரு மரியாதையான பெயர் இருப்பது நல்லது.
பழைய ஸ்டாரில் ஒரு முனை கிழிந்திருக்கிறது.
அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கட்டும்.

நேற்று விடியலில் உறைபனி.
காரை நிறுத்தி ஒரு குடும்பம் புல்லைப் படம் எடுத்தது.
குழந்தைகள் பனியைச் சுரண்டிக்
கன்னத்தில் பூசிக்கொண்டன.
அழகுதான், நானும் நின்று பார்த்தேன்.
பள்ளத்துச் செடியெல்லாம் கருகியது
மத்தியானம்தான் தெரிந்தது.
பத்தாம் நம்பர் காட்டில் மூன்று நாள் இலை இல்லை.
மூன்று நாளைக் கழித்தேன்.
காலுறையை அடித்தேன்.
மறுபடி எழுதினேன். காலுறை
பரிசு இல்லை, மருந்து.

கடைசி வரியைப் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எழுதுவேன்.
'கூரியர்' என்று மட்டும். முந்நூறு.

திருப்பூர் போனவன்
முதல் வருடம் ரிமோட் கார் அனுப்பினான்.
இரண்டாம் வருடம் போன் செய்தான்.
போன வருடம் இருபத்துநான்காம் தேதி
இரண்டு பேரும் வாசல்படியில், ஒரே போர்வைக்குள்,
ஏழரை மணி வரைக்கும்.
சர்ச்சுக்குப் பூ வாங்கி வருகிறேன் என்று
ரோடு வரை இறங்கினேன்.
கலர் பென்சில் டப்பா ஒன்று, கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்று,
பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று.
கடையின் பல்பு வெளிச்சத்தில்
அவன் எழுத்தில் 'அனுப்புநர்' எழுதினேன்.
'பு'வின் வாலை அவன் நீளமாக இழுப்பான்.
ஒன்பது வருடம் அவன் எழுத்தைப் படித்தவள்,
கை தப்பவில்லை.

கெர்சோம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கூரியர் ரசீது எங்கே என்று கேட்கவில்லை.
தங்கச்சி பென்சில்களை எண்ணி முடிப்பதற்குள்
அட்டையைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டான்.
அதைப்பற்றி இதுவரை நாங்கள் பேசியதில்லை.

இன்றைக்கு ஜெப்சி ஒரு கவர் கொடுத்தாள்.
ஐந்து ரூபாய் ஸ்டாம்பு அவளே ஒட்டியிருக்கிறாள்.
பெறுநர்: அப்பா, திருப்பூர்.
தபாலில் போடு, நீ படிக்கக்கூடாது என்றாள்.

படித்தேன்.
போன வருடப் பென்சிலில் பச்சை மட்டும் தீர்ந்துவிட்டதாம்,
மலைக்கே எல்லாம் போய்விடுகிறதாம்.

பச்சை, இரண்டு.
தனியாகக் கொடுப்பார்களா என்று
நாளைக்கு பஜாரில் கேட்கவேண்டும்.